மியோங்டாங் கடைவீதியில் ஒரு துளி எசென்ஸ்... வாங்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்!

தென்கொரியாவிலேயே விலை உயர்ந்த நிலம் எங்கே இருக்கிறது தெரியுமா? தலைநகர் சியோலின் மியோங்டாங் கடைவீதியில். 169.3 சதுர மீட்டர் மனை அது. நம் ஊர்க் கணக்கில் முக்கால் கிரவுண்டு. கொரிய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் நில மதிப்புப் பட்டியலில், 2004 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முதலிடம் இந்தத் துண்டு நிலத்துக்குத்தான். அதன் மேல் நிற்பது வங்கியோ, நட்சத்திர ஹோட்டலோ இல்லை... நேச்சர் ரிபப்ளிக் என்ற அழகுப்பொருள் கடை!

நாட்டின் காஸ்ட்லியான மண்ணில் க்ரீம் விற்றுக் கட்டுப்படியாகிறது என்றால், அந்த வீதிக்கு வருகிறவர்கள் எத்தனை பேர், வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவின் 4-ம் எண் தடத்தில் மியோங்டாங் ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வீதி தொடங்கிவிடும். 'மியோங்' என்றால் வெளிச்சம், 'டாங்' என்றால் பேட்டை. பெயருக்கு ஏற்றபடி, சாயங்காலமானால் கண் கூசும் அளவுக்கு விளக்குகள். நடுவீதியில் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். முழு முட்டை வைத்துச் சுட்ட ரொட்டி, காரசாரமான அரிசிக் கொழுக்கட்டையான தொக்போக்கி, வெல்லப்பாகு ஒழுகும் ஹோத்தோக் என்று வாசனை காலைக் கட்டிப்போடும். பின்னால் நம்சான் மலையும் அதன் உச்சியில் டவரும். ஒரு முனையில், 1898-ல் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் நிற மாதா கோயில். கூட்டத்தில் ஏதோ ஒரு கொரியக் குழந்தை ''அப்பா...'' என்று கூப்பிட, தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போனவர்கள் சட்டென்று திரும்பிப் பார்ப்பதும் நடக்கும். அவர்கள் மொழியிலும் அப்பா, அப்பாதான்.

கொரோனா காலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் வராமல், இந்த வீதியில் கடைகள் வரிசையாக ஷட்டரை இறக்கியிருந்தன. இப்போது மறுபடி களைகட்டிவிட்டது. ஒரு மாற்றம் மட்டும் தெரிகிறது. முன்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிக் கடைகள் அதிகம். இப்போது எல்லா பிராண்டுகளையும் ஒரே கூரையின் கீழ் அடுக்கியிருக்கும் ஆலிவ் யங் போன்ற பெரிய கடைகளில்தான் கூட்டம் அம்முகிறது. 1999-ல் சியோலில் முதல் கடையைத் திறந்த நிறுவனம் இது.

கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனால், முதலில் வருவது மகிழ்ச்சி. அடுத்து வருவது குழப்பம். டோனர், எசென்ஸ், சீரம், ஆம்பூல், எமல்ஷன்... இத்தனையும் எதற்கு? இதில் நமக்கு எது?

அந்த 'எசென்ஸ்' என்னதான் செய்கிறது?

எளிமையாகச் சொன்னால், எசென்ஸ் என்பது தோலுக்குத் தண்ணீர் காட்டும் திரவம். டோனரைவிடக் கொஞ்சம் கெட்டி, சீரத்தைவிடக் கொஞ்சம் நீர்ப்பு. முகம் கழுவியபின், க்ரீம் போடுவதற்கு முன் தடவுவது. உள்ளே பெரும்பாலும் தண்ணீரும், அந்தத் தண்ணீரைத் தோலின் மேலடுக்கில் பிடித்து வைக்கும் பொருட்களும் இருக்கும். கிளிசரின், ஹைலூரானிக் ஆசிட், பேந்தனால், பியூட்டிலீன் கிளைக்கால் எல்லாம் அந்த ரகம்.

ஆனால், பாட்டிலில் இருக்கும் பெயரை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. சுல்வாசு என்ற பிரபல கொரிய பிராண்டின் ஒரு தயாரிப்பு 1997-ல் வந்தது. கொரியாவில் அதற்கு 'யுன்ஜோ எசென்ஸ்' என்று பெயர். அதே பாட்டில் ஆங்கிலத்தில் 'சீரம்' ஆகிவிடுகிறது. ஒரு கம்பெனியின் எசென்ஸ் இன்னொரு கம்பெனியின் ஆம்பூலாக இருக்கலாம். அதனால் எசென்ஸும் வாங்கி, சீரமும் வாங்கி, ஆம்பூலும் வாங்கினால், ஒரே வேலைக்கு மூன்று பேரைச் சம்பளம் கொடுத்து வைத்த கதைதான்.

'கொரியர்கள் தினமும் பத்து ஸ்டெப் செய்வார்கள்' என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவைக் குறைத்து, தேவையானதை மட்டும் பூசும் 'ஸ்கிப் கேர்' அங்கேயே பரவிய பழக்கம்தான்.

விலை விஷயத்திலும் ஒரு சின்ன வரலாறு உண்டு. ஜப்பானின் எஸ்கே-டூ நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த, ஈஸ்ட் நொதித்த நீரில் செய்த எசென்ஸ் ரொம்ப காலம் பணக்காரர்களின் பொருள். 2000-ல் 3,300 வோன் விலையில் அழகுப்பொருட்களை இணையத்தில் விற்கத் தொடங்கி வளர்ந்த கொரிய பிராண்ட் மிஷா, 2011-ல் அதே பாணியில் ஒரு எசென்ஸை இறக்கியது. 'அவர்களுடைய காலி பாட்டிலைக் கொண்டு வாருங்கள், எங்களுடைய புது பாட்டிலைத் தருகிறோம்' என்று விளம்பரமும் செய்தது. இப்படியொரு போட்டி நடந்த சந்தை என்பதால்தான், இன்று இந்தக் கடைகளில் மாணவிகள்கூட எசென்ஸ் வாங்க முடிகிறது.

இளவரசியின் பவுடர் டப்பா

கடையில் கூடையை நிரப்பும் முன், நான்கு ஸ்டேஷன் தாண்டி ஒரு நடை போய் வருவது நல்லது என்று தோன்ற வைக்கும் இடம் ஒன்று சியோலில் இருக்கிறது. மியோங்டாங்கிலிருந்து அடுத்த ஸ்டேஷனான சுங்முரோவில் இறங்கி, 3-ம் எண் தடத்துக்கு மாறினால் கியோங்போக்குங் அரண்மனை. அந்த வளாகத்திலேயே தேசிய அரண்மனை அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஜோசோன் அரச குடும்பத்தின் பொருட்களைக் காக்கும் இடம் இது.

இந்த அருங்காட்சியகமும் ஆய்வாளர்களும் வெளிக்கொண்டு வந்த கதைகளில் ஒன்று, இளவரசி ஹ்வாஹ்யோப்புடையது. மன்னர் யோங்ஜோவின் மகள். 1733-ல் பிறந்தவர், 1752-ல் இறந்துவிட்டார். இருபது வயதைக்கூடத் தாண்டவில்லை. சியோலுக்குப் பக்கத்தில் நம்யாங்ஜு என்ற ஊரில் இருந்த அவருடைய கல்லறையை 2015 முதல் 2017 வரை தோண்டியபோது, கைக்கு அடக்கமான பீங்கான் டப்பாக்கள் கிடைத்தன. அத்தனையும் அழகுச் சாதனங்கள். சிலவற்றில் உள்ளே இருந்த பொருள்கூட மிச்சம் இருந்தது.

பரிசோதனைக்கூடத்தில் பார்த்தபோது, முகத்தை வெளுப்பாகக் காட்டும் வெள்ளைப் பொடியில் இருந்தது டால்க்கும் ஈயச் சேர்மமும். சிவப்புப் பொடி, பாதரசச் சேர்மமான சிந்தூரக் கல். இன்னொரு டப்பாவில் ஆயிரக்கணக்கான எறும்புகளின் உடல் ஊறிய திரவம்! இளவரசியின் இறப்புக்கு இவைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், அரண்மனைப் பெண்ணின் அலங்காரப் பெட்டியிலேயே ஈயமும் பாதரசமும் இருந்தன என்பது மட்டும் உறுதி.

அரண்மனையோடு அந்தப் பழக்கம் முடியவில்லை. 1916-ல் சியோலின் ஜோங்நோ பகுதியில் துணிக்கடை வைத்திருந்த பார்க் சுங்-ஜிக் என்பவரின் குடும்பம் 'பார்க்காபுன்' என்ற முகப்பவுடரைக் கொண்டுவந்தது. கொரியாவில் பெரிய அளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் அழகுப்பொருள் அதுதான். துணி வாங்கினால் இலவசம் என்று தொடங்கி, பிறகு தனியாகவே பிரமாதமாக விற்றது. முகத்தில் அழகாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அதில் இருந்த ஈயம். பூசியவர்களின் தோல் பாழாகத் தொடங்கியது. விஷயம் வெளியே தெரிந்து, 1937-ல் விற்பனை நின்றுபோனது.

'வெளுப்பாகத் தெரிய வேண்டும்' என்ற ஆசைக்கு இந்த நாடு கொடுத்த விலை அது. இன்று மியோங்டாங் அலமாரியில் இருப்பது நிறமே இல்லாத, தெளிந்த நீர். ஆனால் ஆசை?

'மிபேக்' என்றால் நிறம் மாறுமா?

பல எசென்ஸ் பாட்டில்களில் 'மிபேக்' என்ற கொரியச் சொல் இருக்கும். 'மி' என்றால் அழகு, 'பேக்' என்றால் வெள்ளை. மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டினால் 'வெண்மையாக்கும்' என்று வரும். இங்கேதான் நம் ஊர் அம்மா, மகள் உரையாடல் ஆரம்பிக்கும்.

''அம்மா, இதைப் போட்டா கொரியன் ஹீரோயின் மாதிரி ஆயிடலாமாம்!''

''உன் முகத்துக்கு இப்ப என்னடி குறைச்சல்?''

அம்மா சொல்வதுதான் அறிவியலும். 2000-ல் நடைமுறைக்கு வந்த கொரிய அழகுப்பொருள் சட்டம், குறிப்பிட்ட பலன் உண்டு என்று சொல்லிக்கொள்ளும் பொருட்களைத் தனி வகையாகப் பிரித்தது. அந்த வகையில் 'மிபேக்' என்று போட அனுமதிக்கப்பட்ட பொருட்களில் முக்கியமானது நியாசினமைடு. அளவு 2 முதல் 5 சதவிகிதம். சுருக்கத்துக்கான அடினோசின் என்றால் 0.04 சதவிகிதம்.

நியாசினமைடு என்ன செய்யும்? தோலின் அடியில் உருவாகும் நிறமி மேல் செல்களுக்குப் போய்ச் சேருவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பரு வந்து போன கறுப்புத் தடம், வெயில் பட்ட திட்டு ஆகியவை பல வாரங்களில் மங்க உதவும். பிறவி நிறம் அப்படியே இருக்கும். காலையில் சன்ஸ்கிரீன் போடாவிட்டால் மங்கிய திட்டும் திரும்பி வந்துவிடும். சீரியல் ஹீரோயினின் கண்ணாடி முகத்தில் எசென்ஸுக்கு இருக்கும் பங்கைவிட மேக்கப்புக்கும் லைட்டிங்குக்கும் இருக்கும் பங்கு பெரிது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே, கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், சிவப்பழகு க்ரீம் பூசியவர்களுக்கு சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2023-ல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். சந்தேக விரல் நீண்டது, அந்த க்ரீம்களில் இருந்த பாதரசத்தின் மீது. இளவரசியின் டப்பாவில் இருந்த அதே உலோகம்! 'ஒரே வாரத்தில் நிறம் மாறும்' என்று எந்த பாட்டில் சொன்னாலும், அது எந்த நாட்டுப் பாட்டிலாக இருந்தாலும், கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பாட்டிலைத் திருப்பினால் தெரியும் கதை

சரி, எதைப் பார்த்து வாங்குவது? முன்பக்கம் கம்பெனி சொல்ல விரும்புவது இருக்கும். பின்பக்கம் உள்ளே இருப்பது இருக்கும். கொரியாவில் 2008 முதல் எல்லாச் சேர்மானங்களையும் அச்சிட்டாக வேண்டும். அதிக அளவில் இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால். 1 சதவிகிதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். முன்பக்கம் பெரிய தாமரைப் படம் போட்டிருந்து, பட்டியலின் வாலில் தாமரை இருந்தால், அது படத்துக்கு மட்டும்தான்.

லேசான எசென்ஸ் வேண்டுமென்றால் முதல் ஐந்தாறு பெயர்களைப் பாருங்கள். தண்ணீர் அல்லது தாவரச் சாறு, கிளிசரின், பியூட்டிலீன் கிளைக்கால், நியாசினமைடு என்று போனால் அது நீர்ப்பான ரகம். அங்கேயே எண்ணெய், பட்டர் வகைகள் வந்தால் கொஞ்சம் கனமானது. எண்ணெய் வழியும் முகத்துக்கு அது ஒத்துவராமல் போகலாம்.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. பட்டியலின் மேலேயே 'ஆல்கஹால்' என்று தனியாக இருந்தால், தடவியதும் சில்லென்று பறந்துபோய், 'ஆஹா, எவ்வளவு லேசா இருக்கு' என்று தோன்றும். அந்த லேசுக்குக் காரணம் ஆல்கஹால் ஆவியாவதுதான். எரிச்சலும் வறட்சியும் எளிதில் வரும் தோலுக்கு அது சரிப்படாது. வாசனைச் சேர்மானமும் அப்படித்தான். சென்சிட்டிவ் முகம் என்றால் வாசனை இல்லாததே மேல்.

அடுத்தது, அலமாரியில் அடிக்கடி கண்ணில் படும் பொருட்கள்.

வல்லாரை: ஆமாம், நம் வல்லாரையேதான்! 'சிகா' என்று எழுதி, பச்சை நிறப் பாட்டிலில் விற்பதன் உள்ளே இருப்பது சென்டெல்லா ஏசியாட்டிகா. கொரியப் பெயர் பியோங்புல். நம் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் படர்வது, துவையலாகத் தட்டுக்கு வருவது. இதில் இருக்கும் ஏசியாட்டிகோசைடு, மடேகாசோசைடு போன்ற பொருட்கள் சிவந்த, எரிச்சலான தோலைத் தணிக்கப் பயன்படுகின்றன. காயத்துக்குப் போடும் களிம்பாகவும் கொரிய மருந்துக்கடைகளில் நெடுநாளாக இருக்கிறது. 'அப்படியென்றால் இலையை அரைத்துப் பூசிக்கொள்கிறேன்' என்று இறங்கிவிடாதீர்கள். பாட்டிலில் இருப்பது சுத்திகரித்து அளவு பார்த்துச் சேர்த்த சாறு. பச்சை இலையில் மண்ணும் கிருமியும் சேர்ந்தே வரும்.

அரிசி: அரிசி களைந்த தண்ணீரில் முகம் கழுவும் வழக்கம் கொரியப் பாட்டிகளுக்கும் உண்டு. ஜோசோன் காலத்தில் பாசிப்பயறை அரைத்து, 'ஜோடு' என்ற பெயரில் முகம் கழுவும் மாவாகவும் வைத்திருந்தார்கள். நம் வீட்டுப் பயத்தமாவின் தூரத்து உறவு! இப்போது அரிசிச் சாறு, தவிட்டுச் சாறு சேர்த்த எசென்ஸ்கள் நிறைய வருகின்றன.

நத்தை: கோஸ்ஆர்எக்ஸ் நிறுவனத்தின் நத்தை எசென்ஸ் உலகப் பிரபலம். பெயரில் இருக்கும் 96 என்பது, நத்தை சுரக்கும் வழவழப்பை வடிகட்டிய திரவத்தின் சதவிகிதம். விரலில் தொட்டால் நூல் மாதிரி இழுபடும். ஆனாலும் முகத்தில் கனக்காது. சைவக் குடும்பங்கள் வாங்கும் முன் யோசிக்க வேண்டிய பொருள் இது. தேனீப் பிசினான ப்ரொபோலிஸ், தேன் சேர்த்தவையும் உண்டு. அதெல்லாம் வேண்டாம் என்றால் 'வீகன்' முத்திரையைத் தேடுங்கள். தூசு அலர்ஜி இருப்பவர்களில் சிலருக்கு நத்தையும் ஒத்துக்கொள்ளாது என்பதால் கூடுதல் கவனம் தேவை.

க்ரீன் டீ: இந்தப் பாட்டில்கள் பலவற்றில் 'ஜேஜு' என்ற பெயர் இருக்கும். அந்த ஊரைப் பார்க்காமல் இந்தக் கதை முடியாது.

கறுப்பு மண்ணில் பச்சை இலை

சியோலின் கிம்போ விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்தால் ஜேஜு தீவு. உலகிலேயே மிகவும் பரபரப்பான விமானத் தடங்களில் இதுவும் ஒன்று. எரிமலை வெடித்து உருவான தீவு. நடுவில் 1,947 மீட்டர் உயர ஹல்லாசான் மலை. வேலி, வீட்டுச் சுவர், கல்லறைச் சுற்று எல்லாமே கறுப்பு எரிமலைக் கல். 2007-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர்.

இங்கே 1979-ல் தேயிலை வளர்க்க இறங்கியவர், அமோர்பசிபிக் நிறுவனத்தைத் தொடங்கிய சோ சுங்-ஹ்வான். அவருடைய அம்மா யுன் டோக்-ஜோங், இப்போது வடகொரியாவில் இருக்கும் கேசோங் நகரில், 1930-களில் கமெலியா விதையில் எண்ணெய் ஆட்டித் தலைமுடிக்கு விற்றவர். வீட்டு அடுப்படியில் தொடங்கிய அந்த வியாபாரத்தைப் பார்த்து வளர்ந்த மகன், 1945-ல் கம்பெனி ஆரம்பித்தார். இன்று கொரியாவின் பெரிய அழகுப்பொருள் நிறுவனங்களில் ஒன்று அது.

தீவின் மேற்குப் பக்கம் சோக்வாங்கில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டியே 2001-ல் திறந்த ஓசுல்லோக் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. ஊட்டி, வால்பாறை மாதிரி சரிவில் ஏறும் தோட்டமாக இல்லாமல், கிட்டத்தட்ட சமதரையில் வரி வரியாக ஓடும் பச்சை. உள்ளே க்ரீன் டீ ஐஸ்க்ரீமுக்குத்தான் பெரிய வரிசை. பக்கத்திலேயே அதே குழுமத்தின் இனிஸ்ஃப்ரீ கடை. இந்த இலையின் சாறுதான் பாட்டிலில் தண்ணீருக்குப் பதிலாகவோ, தண்ணீரோடு சேர்ந்தோ வருகிறது. தோட்டம் அழகுதான், இலையும் நல்லதுதான். ஆனால் தோலுக்கு ஈரத்தைப் பிடித்துத் தரும் முக்கிய வேலையை அதே பாட்டிலில் இருக்கும் சாதாரண கிளிசரின் செய்கிறது. ஊரின் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

சியோல் குளிரும் சென்னை வெயிலும்

ஜனவரியில் சியோலில் இரவு வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்குப் போகும் நாட்கள் உண்டு. வெளியே காய்ந்த குளிர்காற்று. வீட்டுக்குள் 'ஓண்டோல்' என்ற, தரைக்கு அடியிலிருந்து சூடாக்கும் முறை. இரண்டும் சேர்ந்து தோலில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால்தான் அங்கே டோனர், எசென்ஸ், சீரம், க்ரீம் என்று அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். கிளிசரின் வகைகள் தண்ணீரைப் பிடிக்கும். ஆனால் மேலே க்ரீம் என்ற மூடி இல்லாவிட்டால் காய்ந்த காற்று அதை இழுத்துக்கொள்ளும்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. அங்கே அதே அடுக்குகளைப் போட்டால் வியர்வையும் பிசுபிசுப்பும்தான் மிஞ்சும். எண்ணெய்ப் பசை உள்ள முகத்துக்கு, காலையில் லேசான எசென்ஸ், அதன் மேல் சன்ஸ்கிரீன் போதும். நாள் முழுக்க ஏ.சி-யில் வேலை என்றாலோ, மார்கழிக் குளிரில் கோவை, ஊட்டிப் பக்கம் என்றாலோ, எசென்ஸுக்கு மேல் ஒரு க்ரீம் அவசியம்.

பயன்படுத்தும் முறை ரொம்பச் சுலபம்.

1. மென்மையான ஃபேஸ்வாஷில் முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். தோல் லேசாக ஈரமாகவே இருக்கட்டும்.

2. இரண்டு, மூன்று துளி உள்ளங்கையில் எடுத்து, முகத்திலும் கழுத்திலும் மெதுவாக அழுத்தித் தடவுங்கள். தேய்க்க வேண்டாம்.

3. ஒரு நிமிடம் விட்டு, தேவைக்கு ஏற்ப க்ரீம். காலையில் கடைசியாக சன்ஸ்கிரீன்.

4. புது பாட்டிலை நேராக முகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். முழங்கையின் உட்புறம் ஒரு துளி வைத்து இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு வந்தால் அந்தப் பாட்டில் உங்களுக்கு இல்லை.

5. ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருட்களைத் தொடங்காதீர்கள். பரு வந்தால் குற்றவாளி யார் என்றே தெரியாது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எசென்ஸ் அவசியம் இல்லை. முகம் கழுவுவதும், லேசான மாய்ஸ்சரைசரும், வெயிலுக்கு சன்ஸ்கிரீனும் தாராளம். பரு அதிகம், எக்ஸிமா, மருந்துக்கடை க்ரீம்களால் புண்ணான தோல் என்றால் எசென்ஸுக்கு முன் தோல் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

பில் போடும் முன்...

கடையில் டெஸ்டர் பாட்டில்களைப் புறங்கையில் மட்டும் தடவிப் பாருங்கள். பலர் கை பட்ட பாட்டில், முகத்துக்கு வேண்டாம். தடவியதும் முடிவெடுக்காமல், கடையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் நம் ஊர் வெயிலில் இன்னும் ஒட்டும்.

தேதி விஷயத்தில் பலரும் பதறுவார்கள். கொரியப் பாட்டிலில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண் இருக்கும். பக்கத்தில் 'ஜேஜோ' என்று இருந்தால் அது தயாரித்த தேதி. 'க்காஜி' என்று இருந்தால் அந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்று பொருள். தயாரித்த தேதியைக் காலாவதித் தேதி என்று நினைத்து, நல்ல பாட்டிலைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. கொரிய எழுத்து புரியவில்லையா? கவலை வேண்டாம். பாபாகோ போன்ற மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து கேமராவைக் காட்டினால் படித்துச் சொல்லிவிடும். திறந்த டப்பா படத்துக்குள் 12 என்று இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம்.

'1+1' போர்டுகள் இழுக்கும். ஒரு பாட்டில் தீர மூன்று, நான்கு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம். வரிச்சலுகை தரும் கடைகளில் 15,000 வோனுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால், வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரியில் ஒரு பகுதியைப் பில்லிலேயே கழித்துத் தருகிறார்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில்கள் விமானத்தில் கைப்பையில் போகாது. பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள்.

சியோல் போகாமலே வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் விற்கும் இறக்குமதி அழகுப்பொருளில், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லாமல், பாதி விலைக்கு யாராவது நீட்டினால், உள்ளே இருப்பது எந்த ஊர்த் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது.

வாங்கியாயிற்று, பூசத் தொடங்கியாயிற்று. ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிறத்தோடு உங்கள் நிறத்தை ஒப்பிட வேண்டிய வேலையே இல்லை. கண்ணாடி முன் நின்று கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: முகம் கழுவியபின் தோல் முன்பு மாதிரி இறுகி இழுக்கிறதா, இல்லை இதமாக இருக்கிறதா? இதமாக இருந்தால், அந்தப் பாட்டில் தன் வேலையைச் செய்துவிட்டது.